காலுக்குச் செய்தி சொல்லும் கண்

சென்ற கிழமை பத்தாம் வகுப்பிலே பாடம் முடிந்து மணியடிக்குந் தறுவாயில் மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றால் ஏன் தள்ளாடுகிறோம்? நிற்பது கால்தானே, கண் இல்லையே?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. பின்னர் எல்லோரும் எழுந்து அதனைச் செய்து பார்க்கத் தொடங்கிவிட்டனர். அடுத்த பாடத்துக்கு வந்த ஆசிரியர் வாயிலில் நின்று, இவ்வகுப்புக்கு என்ன நேர்ந்ததோ என்று திகைத்தார். ஆனால் அக்கேள்வி சிரிப்புக்குரியதன்று. அதன் விடையை அறியாமையால் என் வீட்டிலேயே முதியவர் ஒருவருக்கு நாங்கள் அநீதி இழைத்ததுண்டு. ஆதலால் இக்கிழமை அதனையே எடுத்துக்கொள்கிறேன்.

மனிதன் இரண்டு காலில் நிற்பது நாம் எண்ணுவதுபோல் ஓய்வான செயலன்று. ஆடாது அசையாது நிற்பதாகத் தோன்றும் ஒருவனது உடலும் ஓயாமல் முன்னும் பின்னும் பக்கமுமாகச் சிறிது அசைந்துகொண்டேயிருக்கிறது. அசைவு எழுந்தவுடன் மூளைக்குச் செய்தி போகிறது. மூளை கணுக்காலுக்கும் இடுப்புக்கும் கட்டளை அனுப்பி அதனைத் திருத்துகிறது. இச்செய்தியைக் கொண்டுசெல்லும் தூதுவர் மூவர். ஒருவர் கண். மற்றொருவர் உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு. மூன்றாமவரைப் பலர் அறியார். தசைகளிலும் தசைநாண்களிலும் மூட்டுக்களிலும் உள்ள நுண்ணிய உணர்வுறுப்புக்கள், எந்த மூட்டு எவ்வளவு மடிந்திருக்கிறது, எந்தத் தசை எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பதைக் கணந்தோறும் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. உள்ளங்காலின் தோலும் நிறை எப்பக்கம் அழுந்துகிறது என்று கூறிக்கொண்டிருக்கிறது. இருளிலே சோற்றைப் பிசைந்து தவறாமல் வாய்க்குக் கொண்டுபோக முடிவது இம்மூன்றாம் தூதுவனாலேயே. ஆங்கில உடற்றொழிலியல் அறிஞர் சேர் சார்ள்ஸ் ஷெரிங்டன் 1906ஆம் ஆண்டில் இவ்வுணர்வுக்குத் தனிப்பெயர் ஒன்று கொடுத்தார். தமிழில் அதனைத் தன்னிலையுணர்வு எனலாம்.

முன்னாளில் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே துலா மிதித்தவர்களை எம் முதியோர் கண்டிருப்பர். ஏறியும் இறங்கியும் ஆடும் மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்த அவர்கள் தம் பாதத்தைப் பார்த்து நடந்ததில்லை. பாதமே மூளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

மூவரில் ஒருவர் ஓய்ந்தால் மற்ற இருவரும் ஓரளவு சமாளிப்பர். ஒற்றைக் காலில் நிற்கும்போது ஊன்றும் இடம் சிறுத்துவிடுகிறது. அந்நேரத்தில் கண்ணையும் மூடிவிட்டால் எஞ்சிய இருவருக்கும் வேலை கடினமாகிறது. தள்ளாடுகிறோம். பேர்லின் நகரத்து வைத்தியர் றொம்பேர்க் 19ஆம் நூற்றாண்டிலேயே இதனை ஒரு பரிசோதனையாக்கினார். நோயாளியைப் பாதங்களைச் சேர்த்து நிற்கச்செய்து கண்ணை மூடும்படி கூறுவர். கண் திறந்திருக்க நின்றவன் கண்ணை மூடியதும் விழப்போனால், உடலிலிருந்து வரும் செய்தியில் குறையுண்டோ என்று வைத்தியர் ஆராயத் தொடங்குவார்.

இனிப் பாரிசவாதத்துக்கு வருவோம். மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதனாலோ வெடிப்பதனாலோ மூளையின் ஒரு பகுதி கெடுகிறது. வலப்பக்க மூளை கெட்டால் இடப்பக்க உடல் நலியும். இடப்பக்கம் கெட்டால் வலம். இவ்வளவும் வீட்டில் எல்லோரும் அறிந்ததே. கையுங் காலும் விழுந்துவிட்டன என்கிறோம். பலம் போய்விட்டது என்பதே அதன் கருத்து. பலம் போவது உண்மைதான். பலத்தோடு செய்தியும் போகக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்று ஆண்டுகளின் முன் என் மனைவியின் தந்தையாருக்குப் பாரிசவாதம் கண்டு இடக் கையுங் காலும் நலிந்தன. வைத்தியசாலையிலிருந்து வீடு வந்தபின் கதிரையில் இருத்தினால் இடப்புறமாகச் சாய்வார். வெறுஞ் சாய்வாயின் விளங்கியிருக்கும். அவரோ நலமான வலக் கையைக் கதிரைப் பிடியில் ஊன்றித் தம்மைத் தாமே இடப்புறம் தள்ளுவார். நாங்கள் நிமிர்த்த முயன்றால், மறுபுறம் விழப்போகிறவர்போல் அஞ்சி, முழுப் பலத்தோடும் எங்களை எதிர்ப்பார். தலையணைகளை அடுக்கிப் பார்த்தோம், பயனில்லை. "ஐயா, நேரே இருங்கோவன்" என்று என் மனைவி நாளொன்றுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாளோ! "நான் நேரேதானே இருக்கிறன்" என்பது அவர் மறுமொழி. ஒரு நாள் நானும் பொறுமையிழந்து, "மனம் வைச்சால்தான் மாமா எழும்பலாம். நீங்கள் பிடிவாதம் பிடிக்கிறியள்" என்று கடிந்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டார்.

அவர் பொய் சொல்லவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். பற்றீசியா டேவிஸ் என்னும் இயன்மருத்துவ ஆசிரியை 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, நலமான கையாலும் காலாலும் தம்மை நலிந்த பக்கத்துக்குத் தள்ளும் இத்தகைய நோயாளரை விவரித்திருந்தார். அது ஏன் என்பதை ஜேர்மனியில் ரியூபிங்கன் நகரத்து நரம்பியல் அறிஞர் கார்ணத்தும் அவருடைய துணைவரும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் எழுதினர். சாயக்கூடிய கதிரை ஒன்றில் நோயாளரை இருத்திக் கண்ணை மறைத்து, மெல்ல மெல்லச் சாய்த்து, எப்போது நேராக இருப்பதாக உணர்கிறீர் என்று வினவினர். உடல் உண்மையில் ஏறத்தாழ 18 பாகை சாய்ந்திருந்தபோதே தாம் நேராக இருப்பதாக அவர்கள் உணர்ந்தனர். பதினெட்டுப் பாகை சிறிதன்று. அவ்வளவு சாய்ந்த சுவரின் கீழே நாம் எவரும் இருக்கமாட்டோம்! ஆயினும் அதே நோயாளருக்குக் கண்முன்னே ஒரு கோட்டைக் காட்டி, அது நேரோ சரிவோ என்று கேட்டபோது, பிழையின்றிக் கூறினர். உடலுக்குள்ளேயிருந்த அளவுகோல் கோணிப்போயிற்று. கண்ணிலிருந்த அளவுகோல் கெடவில்லை.

இதனை நன்கு அறிந்த இளம் இயன்மருத்துவர் ஒருவர், பெண்பிள்ளை, எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தார். வந்தவர் மாமாவை நிமிர்த்தவில்லை, கண்டிக்கவுமில்லை. கதிரையை விறாந்தையில் வாசற்கதவுக்கு எதிரே திருப்பிப் போடச்செய்து, அருகில் அமர்ந்து கேட்டார்.

"ஐயா, அந்தக் கதவுநிலை நேரே நிக்குதோ?"

"நேரேதான்."

"அப்ப, அதோடை பார்க்க நீங்கள் எப்பிடி இருக்கிறியள்?"

அவர் கதவுநிலையையும் தம் மார்பையும் மாறிமாறி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நான் சரிஞ்செல்லோ போனன், பிள்ளை" என்றார். நாங்கள் நூறு முறை சொல்லியும் ஏற்காத ஒன்றைத் தாமே கண்டு தாமே சொன்னார். அதன்பின் கதவுநிலையைப் பார்த்துப் பார்த்துத் தாமாகவே வலப்புறம் வரத் தொடங்கினார். முதல் நாள் சில விநாடிகளே நிலைத்தார். இத்தள்ளும் பழக்கம் பெரும்பாலானோரிடம் ஆறு மாதத்துள் அடங்கிவிடுவதென்று அந்தப் பிள்ளை எங்களுக்கு ஆறுதலுங் கூறினார். என் மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் விறாந்தைத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உடல் தராத செய்தியைக் கண் வழியாகவோ காது வழியாகவோ கொடுத்து உடலைப் பயிற்றும் இம்முறைக்கு உயிரியற் பின்னூட்டற் பயிற்சி என்று பெயர். கருவிகளைக் கொண்டு செய்யும்போதே அப்பெயரைப் பெரிதும் வழங்குவர். ஆயினும் கதவுநிலையும் ஒரு கருவியே, விலையில்லாக் கருவி.

பின்னூட்டல் என்னும் கருத்து பொறியியலாளரிடமிருந்து வந்தது. அமெரிக்கக் கணித அறிஞர் நோபேட் வீனர் 1948ஆம் ஆண்டில் எழுதிய 'சைபநெற்றிக்ஸ்' என்னும் நூல் அதனை உயிர்களுக்கும் பொருத்திக் காட்டியது. நூலின் பெயரே சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று ஆக்கப்பட்டது. கப்பல் எவ்வளவு விலகிவிட்டது என்பதைக் கண்டு அதற்கேற்பச் சுக்கானைத் திருப்புகிறான் அவன். விலகலைக் காணாவிடின் அவன் கைப்பலத்தால் ஆவதொன்றுமில்லை.

தசை சுருங்கும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் எழுகிறது. அதனைப் பெருக்கித் திரையிலே கோடாகவும் ஒலிபெருக்கியிலே ஓசையாகவும் காட்டலாம். முதலில் இது நோயைக் கண்டறியும் வைத்தியருக்கு மட்டுமே உரிய கருவியாக இருந்தது. 1960ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மரினாச்சி, ஹொரண்டே என்னும் இருவர், அவ்வோசையை நோயாளியே கேட்கும்படி செய்து தசைகளை மீளப் பயிற்றலாம் என்று எழுதினர். இதற்கு மூன்று ஆண்டுகளின் பின் கனடாவிலே, ஒன்ராறியோ மாகாணத்துக் கிங்ஸ்ரன் நகரிலுள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் பஸ்மாஜியன் என்னும் உடலமைப்பியற் பேராசிரியர் செய்த பரிசோதனை விஞ்ஞான உலகை வியக்கவைத்தது. பெருவிரலை அசைக்கும் சிறுதசை ஒன்றினுள் மயிரினும் மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, அத்தசையின் தனியொரு இயக்க அலகின் துடிப்பை உடையவனே காணவும் கேட்கவும் செய்தார். இயக்க அலகு என்பது முதுகுநாணிலுள்ள ஒரேயொரு நரம்புக்கலமும் அது ஆளும் தசைநார்களுமாகும். அப்படியொரு கலம் தமக்குள் இருப்பதையே அறியாதவர்கள், சிறிது நேரப் பயிற்சியால் அதனைத் தனியே எழுப்பவும் அடக்கவும் கற்றுக்கொண்டனர். சிலர் அதைக்கொண்டு குதிரைப் பாய்ச்சல் போன்ற நடையையும், முரசடிப்பது போன்ற தாளத்தையும் எழுப்பிக் காட்டினராம். உணராத உறுப்பையும் செய்தி கிடைத்தால் ஆளலாம் என்பது அன்று ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. 'பயோபீட்பாக்' என்ற பெயர் 1969இல் கலிபோர்ணியாவிலே கூடிய ஆராய்ச்சியாளர் கூட்டத்தோடு நிலைபெற்றது.

பஸ்மாஜியன் பின்னர் அமெரிக்காவில் அற்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகத்துக்குச் சென்று, தம் முறையைப் பாரிசவாத நோயாளரிடம் சோதித்தார். நோயின் பின் பலருக்கு முன்பாதம் உயராமல் தொங்கும். நடக்கையிற் பெருவிரல் நிலத்தில் இடறும். நோய்கண்டு மூன்று மாதமேனும் கடந்த இத்தகைய 20 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பத்துப் பேருக்கு உடற்பயிற்சி மட்டும், மற்றப் பத்துப் பேருக்கு உடற்பயிற்சியோடு தசையின் மின்னொலியைக் கேட்டும் பார்த்தும் பயிலும் பயிற்சி எனக் கொடுத்தனர். 1975இல் வெளிவந்த முடிவின்படி, பலமும் பாதம் உயரும் அளவும் இரண்டாவது பகுதியினரிடம் ஏறத்தாழ இருமடங்கு பெருகின. இருபது பேர் என்பது சிறு தொகையே. ஆயினும் அது ஒரு கதவைத் திறந்தது.

சமநிலைக்கு வேறு கருவி. நிறையை உணரும் மேடை ஒன்றின்மேல் நோயாளி நிற்பார். எந்தக் காலில் எவ்வளவு நிறை ஊன்றுகிறது என்பதை எதிரேயுள்ள திரையில் ஒரு புள்ளி காட்டும். பாரிசவாதம் கண்டவர் பெரும்பாலும் நல்ல காலிலேயே நிறையைப் போட்டு, நலிந்த காலைத் துணைக்கு வைத்துக்கொள்வர். தாம் அப்படி நிற்பதை அறியவும் மாட்டார். புள்ளியை நடுவுக்குக் கொண்டுவா என்றால், குழந்தையின் விளையாட்டுப்போலத் தோன்றினாலும், நலிந்த கால் தன் பங்கைச் சுமக்கக் கற்கிறது.

கற்றதெல்லாம் நடைக்கு உதவுமா? அமெரிக்காவில் கரோலி வின்ஸ்ரீன் என்பவரும் துணைவரும் 1989இல் இதனைச் சோதித்தபோது, மேடையில் பயின்றவர் சமமாக நிற்கக் கற்றனர். நடக்கும்போது பழைய கோணல் அப்படியே இருந்தது. 2004ஆம் ஆண்டில், அதுவரை நடந்த ஏழு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கொக்ரேன் அறிக்கையும் ஏறக்குறைய இதனையே கூறிற்று: நிற்பதிற் சமம் வருகிறது, அன்றாடச் செயல்களில் நலம் வந்ததாகக் காட்ட முடியவில்லை. கருவி விற்போரின் விளம்பரங்களிலே இது இடம்பெறுவதில்லை.

ஆசிரியத் தொழில் செய்பவனுக்கு இதில் வியப்பில்லை. ஒவ்வொரு வரியையும் எழுதிய உடனே ஆசிரியர் திருத்திக் கொடுத்தால், மாணவனின் கொப்பி அழகாயிருக்கும். பரீட்சை மண்டபத்தில் அவன் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பான். அதே வின்ஸ்ரீன், சிமிற் என்னும் உளவியலாளரோடு சேர்ந்து 1990இல் இதனையும் அளந்து காட்டினார். கையசைவு ஒன்றைக் கற்போருள், ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் பிழை எவ்வளவு என்று சொல்லப்பட்டவரைவிட, பாதி முயற்சிகளுக்கு மட்டும் சொல்லப்பட்டவரே பின்னொரு நாள் துணையின்றிச் செய்தபோது மேம்பட்டனர். செய்தியைத் தொடக்கத்தில் நிறையக் கொடுக்கவேண்டும்; பின் மெல்ல மெல்லக் குறைக்கவேண்டும். திரை எப்போதும் எதிரே இருந்தால் நோயாளி திரையைக் கற்பார், உடலைக் கற்கமாட்டார்.

மற்றொன்று, எதனைப் பயிற்றுகிறோமோ அதுவே வளரும். சும்மா நிற்பதைப் பயிற்றினால் நிற்பது வரும். தாய்வானிலே 2001இல் வெளியான ஓர் ஆய்வில், மேடையில் நிற்பதோடு அமையாமல், கதிரையிலிருந்து எழுவதையும் மீண்டும் அமர்வதையும் இரு காலிலும் நிறையைச் சமமாக்கிப் பலமுறை பயிற்றினர். மூன்று கிழமைப் பயிற்சி. ஆறு மாதத்தின் பின் கணக்கெடுத்தபோது, பயிற்சி பெற்ற 30 பேரில் ஐவர் விழுந்திருந்தனர். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்ற 24 பேரில் பதின்மர் விழுந்திருந்தனர். முதியவர் ஒருவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த வீட்டார், இந்த ஐந்துக்கும் பத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அறிவர். அவுஸ்திரேலிய இயன்மருத்துவ ஆய்வாளர் 2011இலும் 2017இலும் வெளியிட்ட தொகுப்பாய்வுகளும், எழுதல், நிற்றல், நடத்தல் ஆகிய முழுச் செயல்களைப் பின்னூட்டலோடு பயிற்றினால் வழக்கமான பயிற்சியிலும் மேலான பயன் கிடைக்கிறதென்றே முடித்தன.

ஆய்வுகூட மேடையின் விலை எம்போன்றோர்க்கு எட்டாதது. நின்ரெண்டோ நிறுவனம் 2007இல் பிள்ளைகளின் விளையாட்டுக்கென விற்கத் தொடங்கிய பலகையின் நான்கு மூலைகளிலும் நிறையுணரும் கருவிகள் இருந்தன. அவுஸ்திரேலிய ஆய்வாளர் 2010இல் அதனை ஆய்வுகூட மேடையோடு ஒப்பிட்டு, அளவு நம்பத்தக்கதே என்று கண்டபின், பல நாடுகளில் அவ்விளையாட்டுப் பலகை வைத்தியத்துக்கும் பயன்பட்டது. எங்கள் இயன்மருத்துவப் பிள்ளை அதனினும் எளிய வழியைச் சொன்னார்: ஒரேவகையான இரண்டு நிறைத்தராசுகள்.

மாமா கைப்பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிய பின்னரே இதனை ஆரம்பித்தோம். செய்ய விரும்புவோர் முதலிலே வைத்தியரையோ இயன்மருத்துவரையோ கேட்கவேண்டும். முன்னே கனமான மேசை. பின்னே சுவரோடு சாத்திய கதிரை. நலிந்த பக்கத்தில் பிடிக்க ஆயத்தமாக ஓர் ஆள். இவையின்றித் தராசில் ஏற்றலாகாது. நோயாளி குனிந்து முள்ளைப் பார்க்கவுங் கூடாது. குனிந்தால் நிறை முன்னே சரிந்து கணக்கே பிழைத்துவிடும். சிலர் நோயின் விளைவாக இடப்பக்கத்துப் பொருளையே கவனிக்கமாட்டார்கள். அவர்களுக்கு இடப்பக்கத் தராசு இருந்தும் இல்லாததே. ஆகவே வேறொருவர் பார்த்துச் சொல்வது நல்லது. அந்த வேலையை என் இளைய மகள் ஏற்றுக்கொண்டாள்.

மாமாவின் நிறை 58 கிலோ. சமமாக நின்றால் இடக்காலுக்கு 29 வரவேண்டும். முதல் நாள் 13 வந்தது. "அம்மப்பா, பதின்மூன்று" என்று அவள் கூவியபோது, அவர் நம்பாமல் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு பின்னேரமும் பத்து நிமிடம். 15, 17, மீண்டும் 14. இருமல் வந்த கிழமை ஒன்றுமில்லை. மூன்றாம் மாதத்தில் 22ஐக் கண்டோம். அப்போது பிள்ளை வந்து, இனி உடனே எண்ணைச் சொல்லவேண்டாம், முதலில் ஐயாவே மதித்துச் சொல்லட்டும், பிறகு நீ சொல் என்று மகளுக்குக் கற்பித்துவிட்டுப் போனார்.

தொடக்கத்தில் அவருடைய மதிப்பு எட்டும் ஒன்பதுமாகப் பிழைத்தது. மகளுக்கு அது பெரிய வேடிக்கை. புள்ளி போடுவதற்கு ஒரு கொப்பியும் வைத்திருந்தாள். தைப்பொங்கலுக்கு முந்திய நாள், வீட்டில் எல்லோரும் முற்றத்தைக் கூட்டி மெழுகும் வேலையில் இருந்தபோது, விறாந்தையிலே இருவரும் தம் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தனர். மாமா மேசையில் விரல் நுனியை மட்டும் வைத்து, எதிரேயிருந்த கதவுநிலையைப் பார்த்தபடி நின்றார்.

"இருபத்தைஞ்சு" என்றார்.

மகள் குனிந்து தராசைப் பார்த்தாள். "இருபத்தாறு, அம்மப்பா" என்றாள்.